கனகராஜ் வீட்டு நெடுஞ்சாலை

மரத்தரை போடுவதில் எனக்கு நாற்பத்தோரு வருடச் சர்வீஸ். பாரிட் புந்தாரில் நான் போட்ட ஒரு தரை எவ்வளவு சமம் என்றால், கூடத்தின் நடுவில் வைத்த கோலிக்குண்டு எந்தப் பக்கம் உருள்வது என்று முடிவெடுக்க முடியாமல் மூன்று நாள் அங்கேயே நின்றது. நான்காம் நாள் அதன் அவஸ்தையைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்காரர் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நான் போட்ட தரை ஒன்று ஜெலாப்பாங்கில் இப்போது புடைத்துக்கொண்டு நிற்கிறது. சரிசெய்ய வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார்.

அவர் பெயர் கனகராஜ். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு முப்பது வருடம் காய்கறி லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி வந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து குளியலறைக்குப் போவதென்றாலும் மனைவி சாந்தினி கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ், எங்கே மிதித்தாலும் ஒரே மாதிரி. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். டாக்டர் திட்டியபோதுதான் சாந்தினிக்கே அது தெரிந்தது.

அதனால்தான் டைல்ஸுக்குப் பதில் மரத்தரை போட இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"மின்னணும் அண்ணே," என்றாள் சாந்தினி. "மூஞ்சி தெரியணும். பக்கத்து வீட்டு ஆ சோ பார்த்தா வாயடைச்சிப் போவணும்."

"யாருக்குப் போடுற தரை?" என்றார் கனகராஜ்.

"ஒங்களுக்குத்தான்."

"அப்ப நான் பார்க்கறேன்," என்று சிலிப்பரைக் கழற்றினார்.

எனக்கு அது புதுசு. நான் காட்டும் மரத்தை வாடிக்கையாளர்கள் தடவுவார்கள், தட்டுவார்கள், படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார்கள். ஈப்போவில் ஒரு மனிதர் நக்கியே பார்த்தார், உப்பு குறைவு என்று திருப்பிவிட்டார். காலால் பார்த்தவர் இவர்தான்.

"கால்ல உணர்ச்சி இருக்கா?" என்றேன்.

"டாக்டர் ஊசியால குத்துனாரு. நான் கத்துனதுல வெளிய உட்கார்ந்திருந்த நாலு பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க."

மாதிரிப் பலகைகளை வரிசையாகத் தரையில் வைத்தேன். முதலில் வார்னிஷ் அடித்த கெம்பாஸ் மரம். சாந்தினிக்குப் பிடித்தது அதுதான். கனகராஜ் காலை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தார்.

"மரத்தைக் காணோமே. பிளாஸ்டிக் தட்டுல நிக்கிற மாதிரி இருக்கு."

"பால்மரத்துல ஒண்ணு இருக்கு. வெளுப்பு, லேசு," என்றேன்.

ரப்பர் மரம் என்றதும் அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எங்கம்மா எஸ்டேட்டுல இருபது வருஷம் சீவுன மரம். அதை மிதிக்க மாட்டேன்லா."

"வீட்டு நாற்காலி எல்லாம் அந்த மரந்தான்," என்றாள் சாந்தினி. "தெனமும் உட்காருறீங்க."

"உட்காரலாம். மிதிக்கக் கூடாது."

அடுத்து வார்னிஷ் இல்லாமல் எண்ணெய் மட்டும் தேய்த்தவை. சின்னச் சின்னக் குச்சிகளைச் சதுரமாகச் சேர்த்த மெர்பாவ் மரத்தின் மீது நின்றார். கால்விரல்கள் இடுக்குகளை எண்ணின. "இது டவுன் ரோடு. அங்கங்க ஒட்டுப் போட்டிருக்கான்." மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கியதில் நின்று, "இது மலைப்பாதை, வளைஞ்சி வளைஞ்சி போவுது" என்றார். நீளப் பலகையாகப் போட்ட கெம்பாஸில் பாதம் கோட்டோடு கோடாக நேரே போனது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஹைவே," என்றார்.

அங்கேயே வீட்டுக்குச் சாலை வரைந்தோம். கூடம் சதுரம். அடுப்படி வாசலில் மீன்முள். அங்கிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் நேர்ப்பலகை.

"மின்னவே மின்னாதா அண்ணே?" என்றாள் சாந்தினி.

"எண்ணெய் போட்டது மின்னாதும்மா."

அவள் கணவரின் காலைப் பார்த்தாள். அது இன்னும் கெம்பாஸ் மேல் போய்க்கொண்டிருந்தது. "மின்ன வேணாம், விடுங்க," என்றாள்.

போட்டு முடித்தேன். நடையின் கடைசியில் குளியலறைக் கதவு இடதுபுறம், அதைத் தாண்டினால் பின்கதவு. முதல் நாள் கனகராஜ் தனியாகக் கிளம்பினார். சதுரம், மீன்முள், நேர்ப்பலகை, எல்லாம் சரி. ஆனால் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நேரே போய்ப் பின்கதவில் முட்டிக்கொண்டார். மறுபடி சாந்தினிதான் ஓடினாள்.

"ரோடு நல்லாருக்கு அண்ணே. எக்ஸிட்தான் இல்ல," என்று கையை அவளிடம் நீட்டினார். அந்தக் கை நீண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கிளம்பும் முன் சாந்தினியிடம் தெளிவாகச் சொன்னேன்: பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். அவளும் தலையாட்டினாள்.

அடுத்து வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வீட்டைக் கழுவ வேண்டாமா? நான்கு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஊற்றிவிட்டாள்.

மெர்பாவ் நனைந்தால் சிவப்புச் சாறு விடும். கூடத்துத் தண்ணீரை அவள் வாசல் பக்கம் தள்ள, அது செக்கச்செவேலென்று படியிறங்கிச் சாக்கடையில் ஓடியது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஆ சோ துணி காயப்போட வந்தவர் அதைப் பார்த்து வாயடைத்துப் போனார். அப்புறம் வாய் திறந்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்று வீதி தள்ளி நிறுத்தியிருந்த ஒரு காடியின் அலாரம் அடித்தது. கனகராஜ் வாசலுக்கு வந்து உயிரோடு இருப்பதாக நேரில் சொன்ன பிறகுதான் ஆ சோ அடங்கினார்.

நடையில் ஊற்றிய தண்ணீரைக் குளியலறைப் பக்கம் தள்ளியிருக்கிறாள். அங்கே வாசலில் கட்டை இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் கெம்பாஸ் மேல் தேங்கிவிட்டது. கெம்பாஸுக்குத் தண்ணீர் காட்டினால் ஊதும்.

திங்கட்கிழமை பையோடு போனேன். குளியலறைக் கதவுக்கு நேரே நான்கு பலகை அரை விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. சாந்தினி மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"தொடைக்கச் சொன்னது தெனமும் செய்யறதுக்குன்னு நெனச்சேன் அண்ணே. வெள்ளிக்கிழமைக்குக் கழுவாம எப்படி? அவருக்குன்னு போட்ட தரை, நானே கெடுத்துட்டேன்."

தப்பு என்னுடையதும்தான். என் வீட்டிலும் வியாழக்கிழமை வாளி உருளும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அழாதம்மா. நாலு பலகையைப் பேத்துட்டு வேற போட்டுடறேன்," என்றேன்.

"தொடாதீங்க," என்றார் கனகராஜ். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"புடைச்சிருக்கு தம்பி."

"போங்கோல் அண்ணே அது." வண்டி வேகத்தைக் குறைக்க ரோட்டில் போடுவார்களே, அந்த மேடு. "நாலு நாளா நான் யாரையும் கூப்பிடல. இவ அழுவுறதுல அதைக் கவனிக்கல."

"கால் தடுக்கி விழுந்தா?"

"முப்பது வருஷத்துல எந்தப் போங்கோல்லயும் நான் லோரியைக் கவுத்ததில்ல."

நடந்து காட்டினார். சதுரம். மீன்முள். நேர்ப்பலகையில் பாதம் இழுத்துக்கொண்டு போய், மேட்டில் கட்டைவிரல் பட்டதும் நின்றார். இடது பக்கம் திரும்பினார். கை கதவின் பிடியில் போய் விழுந்தது. சாந்தினி எழுந்து, கையை நீட்டியபடி இரண்டு எட்டு வைத்து, அப்படியே நின்றாள்.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு வருடமாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே இல்லை என்று அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"உள்ள எல்லாம் சரியாங்க?" என்று கூப்பிட்டாள்.

"ஏய், மனுசன நிம்மதியா இருக்க விடுலா!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. நான் கெம்பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தோரு வருடத்தில் என் பெயரில் இப்படி ஒரு மேடு இருந்ததில்லை. சத்தமில்லாமல் பையைத் திறந்து உளியை எடுத்தேன்.

"அண்ணே," என்றது கதவுக்குள்ளிருந்து குரல், "அதைப் பைக்குள்ள வைங்க."

வைத்துவிட்டேன்.