கிணத்தடி வாய்ப்பாடு

எங்க சமையக்கட்டுச் செவுத்துல கரியால எழுதுன ஒரு அட்டவணை இருந்துதுங்க. வர்றவங்க எல்லாரும் பால்கணக்குன்னு நெனச்சுக்குவாங்க. பால்கணக்கு இல்லீங்க. அதுதான் எம்பொண்ணு சுப்பாத்தாளோட பள்ளிக்கூடம்.

கேரளாவுல எங்க முதலமடைப் பக்கம் மாமரமும் நெலக்கடலையும் வெளையற வறண்ட பூமி. தமிழ்ல சொல்லிக்குடுக்கற பள்ளிக்கூடம் தோட்டத்துல இருந்து அஞ்சு மைல் தள்ளி இருந்துது. நடுவுல ரெண்டு பள்ளம், மழை பேஞ்சா பெரியாளே எறங்க முடியாது. ஆறு வயசுப் புள்ளைய அந்த வழியில யாரை நம்பி அனுப்பறது? நான் பொள்ளாச்சியில எட்டாவது வரைக்கும் படிச்சவ. அவுங்கப்பா பொங்கியண்ணன் மலையாளப் பேப்பரை ஒரு எழுத்து விடாமப் படிக்கிறவரு. நாமளே சொல்லிக்குடுத்துக்கலாம்னு ரெண்டு பேரும் உக்காந்தோம். உக்காந்தோம்னு சொன்னாப் பொய்யாயிருமுங்க. உக்கார எங்களுக்கு எங்க நேரம் இருந்துது?

விடிஞ்சா மாடு, பொறகு அடுப்பு, பொறகு தோப்பு. ரெண்டு நாள் பாயைப் போட்டு, சிலேட்டை வச்சு, "அம்மிணி, எழுது சாமி"ன்னு சொல்லிப் பார்த்தேன். அவ அரை எழுத்து எழுதறதுக்குள்ள அடுப்புல சோறு பொங்கும், கன்னு கயித்தை அவுத்துட்டு ஓடும். மூணாம் நாள் பாயைச் சுருட்டி மூலையில வீசிட்டேன். வேலையையும் பாடத்தையும் ஒட்டுக்காப் பூட்டி ஓட்டிப்போடலாம்னு ஒரு ரோசனை வந்துது. அன்னைக்கு எழுதுனதுதான் அந்தச் செவுத்து அட்டவணை.

கெணத்துல தண்ணி சேந்தறப்ப வாய்ப்பாடு. ஒரு இழுப்புக்கு ஒரு வரி. மோர் கடையறப்ப செய்யுள், மத்து போற போக்குல வரி தானா வந்து நிக்கும். வாசக்கூட்டறப்ப சரித்திரம். ராசாக்களை வரிசையாச் சொல்லீட்டே வாசப்படியில ஆரம்பிச்சா, வேலியோரம் போறப்ப வெள்ளைக்காரன் வந்துருவான். பூகோளத்துக்கு வாசல்ல சாணி தெளிச்ச எடத்துல கோலமாவுல கேரளாப் படம். நட்டு வச்ச பாவக்கா மாதிரி போட்டு, அதுல ஆறுக எல்லாத்தையும் இழுக்கோணும். மாங்கா கீத்துப் போடறப்ப அரை, கால், அரைக்கால். மலையாளம் அவுங்கப்பா பொறுப்பு. மாங்கா தரம் பிரிக்கற கூடை ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து எழுதி வச்சிருந்தாரு. மல்கோவாவைத் தப்பான கூடையில போட்டா, அந்த எழுத்தைக் கூடை நெறையற வரைக்கும் சொல்லீட்டே இருக்கோணும். அவரே ஒரு நாள் செந்தூரத்தைத் தப்பாப் போட்டுட்டு, மகளுக்குப் பயந்து சாயங்காலம் வரைக்கும் 'ழ' சொல்லீட்டு இருந்தாரு. நான் சிரிச்ச சிரிப்புல அன்னைக்குக் கொழம்பு தீஞ்சு போச்சு.

இப்படியே நாலு வருசம் ஓடிருச்சு. எழுபத்திமூணாம் வருசம் மாசியில எங்க தோட்டத்து வழியா பஸ்ஸு விட்டாங்க. ஊரே தேங்கா ஒடச்சு வரவேத்துது. அடுத்த வாரம் அதே பஸ்ஸுல, தலையில புது டிரங்குப் பொட்டியோட என்ற நங்கையா காளியாத்தாள் வந்து எறங்குனாங்க.

நங்கையா என்ற ஊட்டுக்காரருக்கு மூத்த அக்கா. பொள்ளாச்சியில மாடி ஊடு, அவுங்க ஊட்டு மாமன் மில்லுக்காரரு. புள்ளை இல்லை. சுப்பு மேல உசுரு. அவுங்க கெட்டவங்கன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா அந்தப் பொட்டி ஆருக்குன்னு பார்த்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

சாப்புட்டு முடிச்சதும் ஆரம்பிச்சாங்க. "ஏம்மா மருதாத்தா, பொட்டப்புள்ளைய இன்னும் எத்தனை நாளைக்குச் சாணியிலயும் சகதியிலயும் வச்சிருக்கப் போறே? என்ற ஊட்டுக்குப் பக்கத்துலயே நல்ல பள்ளிக்கூடம் இருக்குது. நான் கூட்டீட்டுப் போயிப் படிக்க வைக்கறேன்."

"அவ இங்கியும் படிச்சுட்டுத்தானுங்க நங்கையா இருக்கறா," அப்படீன்னேன்.

"இதா?" செவுத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "நானும் பால்கணக்குன்னுதான் நெனச்சேன்."

எனக்கு மொளகாயைக் கடிச்ச மாதிரி இருந்துது. என்ற ஊட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மனுசன் பொறந்ததுல இருந்து அக்கா பேச்சைத் தட்டுனதே இல்லை. மாடு கத்துதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. மாடு கத்தவே இல்லீங்க.

கடைசியில நாந்தான் வாயைத் தொறந்தேன். "இப்பத்தான் பஸ்ஸு வந்துருச்சுங்களே. ஜூன்ல இங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல அவ வயசுக்கு அஞ்சாவதுல சேத்துக்கிட்டாங்கன்னா அவ என்ற கூடவே இருக்கட்டும். சேத்துக்கலீன்னா..."

"சேத்துக்கலீன்னா நான் கூட்டீட்டுப் போயிருவேன்," அப்படீன்னு நங்கையா முடிச்சாங்க. பொட்டியை எங்க ஊட்டுலயே வச்சுட்டுப் போனாங்க. அந்த மூணு மாசமும் அது என்ற கண்ணு முன்னால கெடந்துது.

நான் அட்டவணையை ரெண்டு மடங்காக்குனேன். தண்ணி தேவையோ இல்லையோ, சேந்தச் சொன்னேன். எங்க வாழைமரம் எல்லாம் வெள்ளத்துல நின்னுது. ஒரு வேளைக்கு ரெண்டு வேளை மோர் கடைஞ்சு, தெருவுல போறவங்களை எல்லாம் கூப்புட்டுக் குடிக்க வச்சோம். பதினேழாம் வாய்ப்பாட்டைச் சுப்பு தலைகீழாச் சொன்னா. எனக்குத் தெம்பு வந்துருச்சு.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு, வெள்ளிக்கிழமை, மொத நாளே வந்து எறங்குன நங்கையாவோட நாலு பேரும் பஸ் ஏறிப் போனோம். பெரிய வாத்தியார் சாம்பசிவன் சார், கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரரு. அதட்டத் தெரியாத மனுசன். சுப்புவை முன்னால கூப்புட்டு, "பயப்படாண்டாம் கொழந்தே. கையைக் கட்டீண்டு நேரா நில்லு. பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு, கேக்கட்டும்," அப்படீன்னாரு.

சுப்பு கையைக் கட்டுனா. வாயைத் தொறந்தா. ஒண்ணும் வரலை.

"சரி போட்டும். ஒரு செய்யுள் சொல்லு."

வரலை. ஆறுகளோட பேர் கேட்டாரு, வரலை. ராசா பேர் கேட்டாரு, கண்ணுல தண்ணிதான் வந்துது. நேத்து வரைக்கும் கெணத்தடியில குருவி மாதிரி கத்துன புள்ளைதானுங்க இது. திருடுனவளைப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்துன மாதிரி நிக்கறா.

நங்கையா எந்திரிச்சுப் போயி அவ தலையைத் தடவுனாங்க. "உடு சாமி. அத்தை இருக்கறனல்ல." பாசமாத்தான் சொன்னாங்க. அதுதான் எனக்குப் பொறுக்க முடியலை.

வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "தப்பா நினைக்காண்டாம். இப்போதைக்கு ரெண்டாங்கிளாஸ்ல இருத்தலாம். அஞ்சாங்கிளாஸ்ல சேக்க நிர்வாகமில்லை, வழியே இல்லை, கேட்டேளா."

பத்து வயசுப் புள்ளை ஏழு வயசுக் கூட்டத்துல உக்கார்றதா? நங்கையா என்னைப் பார்த்தாங்க. என்ற ஊட்டுக்காரரு மேல ஓடுகளை எண்ணீட்டு இருந்தாரு. பேச்சு முடிஞ்சு போச்சு, பொண்ணு போயிட்டான்னு நெனச்சேன்.

அந்நேரத்துல வெளிய 'கிரீச்'சுனு ஒரு சத்தம். மத்தியான உப்புமா செய்யற அழகுத்தாயி, லீவுல தூசி படிஞ்சு கெடந்த அண்டாவைக் கழுவத் தண்ணி சேந்தீட்டு இருந்தா. ராட்டினம் சுத்துது. சுத்தச் சுத்த எம்பொண்ணோட ஒதடு அசையுது. ராட்டினம் நின்னுது, ஒதடும் நின்னுருச்சு. கட்டியிருந்த கைக்குள்ள வெரலு மட்டும் மூடி மூடித் தொறக்குது, கயித்தைப் புடிக்கற மாதிரி.

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. இந்தப் புள்ளை ஒரு நாளாவது சும்மா நின்னு பாடம் சொல்லியிருக்கறாளா? இல்லையே. கையைக் கட்டுனா வாயும் கட்டிக்குது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவளை ஒரு கொடம் தண்ணி சேந்த உடுங்க," அப்படீன்னேன்.

"எதுக்காக்கும்?"

"உடுங்க சார். பொறகு கேளுங்க."

அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு, என்னமோ பண்ணுங்கோன்னு எங்க பொறகால வெளிய வந்தாரு. சுப்பு அழகுத்தாயி கையில இருந்து கயித்தை வாங்குனா. ஒரு இழுப்பு இழுத்தா.

"பதிமூணு ஒண்ணு பதிமூணு."

இன்னொரு இழுப்பு. "பதிமூணு ரெண்டு இருபத்தாறு. பதிமூணு மூணு முப்பத்தொம்போது." வாளி மேல வர்றதுக்குள்ள வாய்ப்பாடு முடிஞ்சு போச்சு. வாத்தியார் கெணத்து மேட்டுல கையை ஊனிக்கிட்டு, "பதினேழு எட்டு?" அப்படீன்னாரு. கெணத்துக்குள்ள பாதியில வாளியை நிறுத்தி, "நூத்திமுப்பத்தாறு," அப்படீன்னு சொல்லீட்டு மறுபடியும் இழுத்தா. அவரு கேக்கக் கேக்க அவ சேந்தறா. அண்டா நெறைஞ்சுது, கொடம் நெறைஞ்சுது, பொறகு அழகுத்தாயி ஓடிப்போயி எங்கெங்கயோ கெடந்த சட்டி பானை எல்லாம் கொண்டாந்து வரிசையா வச்சா. "இன்னும் நாலு கணக்குக் கேளுங்க சார், தொட்டியும் நெறைஞ்சுரும்," அப்படீங்கறா.

செய்யுளுக்கு மோர் வேணும்னு சுப்பு கேட்டா. பள்ளிக்கூடத்துல மோருக்கு எங்க போறது? அழகுத்தாயி பால்பவுடரைத் தண்ணியில கொட்டிப் பெரிய கரண்டியைக் கையில குடுத்தா. அவ கலக்குனா பாருங்க, நாலு செய்யுளு கட்டி இல்லாம வந்துது. பாலும் கட்டி இல்லாம வந்துது. சரித்திரத்துக்கு வெளக்குமாறு. மைதானத்துல பாதி தூரம் கூட்டறப்பவே புள்ளைக எல்லாம் கிளாசை உட்டுட்டு வெளிய வந்து சுத்தி நின்னுக்கிட்டாங்க. அவ ஒவ்வொரு ராசாவா ஒதுக்கித் தள்ளத் தள்ளக் கை தட்டறாங்க. சாம்பசிவன் சாருக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "போறும் கொழந்தே, போறும். இதுக்கு மேல போனா பியூன் வேலைக்கு ஆபத்தாக்கும்," அப்படீன்னாரு.

அப்பறம் என்ற பக்கம் திரும்பி, "அஞ்சாங்கிளாஸ்ல சேத்துண்டாச்சு. ஆனா ஒரு காரியம், கேட்டேளா. கிளாஸுக்குள்ள கெணறு வெட்ட நேக்கு வழியில்லை. திங்கக்கிழமைக்குள்ள உக்காந்து சொல்லப் பழக்கிக் கொண்டு வரணும்," அப்படீன்னாரு.

நான் நங்கையாவைப் பார்த்தேன். அவுங்க என்ன சொல்லுவாங்களோன்னு எனக்கு இன்னும் பயம் உடலை. சிரிச்சுச் சிரிச்சு முந்தானையில கண்ணைத் தொடச்சுட்டு இருந்தாங்க.

"என்ற ஊட்டுல பைப்புத் தண்ணி," அப்படீன்னாங்க. "மோர் வாசலுக்கே வருது. வாசக்கூட்ட ஆள் இருக்குது. அங்க கூட்டீட்டுப் போனா இவ மூணு நாள்ல ஒண்ணாம் வாய்ப்பாட்டையும் மறந்துருவா. நீயே வச்சுக்க மருதாத்தா." சொல்லீட்டு மூக்கை உறிஞ்சுனாங்க. "பொட்டியில அவ புஸ்தகத்தைப் போட்டு வச்சுக்கட்டும்." எனக்கு அவுங்க காலுல உழுகோணும் போல இருந்துது. உழுகலை, கையைத்தான் புடிச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை காத்தால கரியை எடுத்து, அட்டவணை மொத்தத்தையும் அழிச்சுட்டு ஒரே வரி எழுதுனேன்: சும்மா உக்கார்றது. வேலை பூராத்தையும் என்ற ஊட்டுக்காரரு தலையில கட்டீட்டு, நானும் சுப்புவும் மாமரத்தடியில கயித்துக்கட்டில்ல உக்காந்தோம். அவ ஆரம்பிச்சா. "பதிமூணு ஒண்ணு பதிமூணு..." கை தானா மேல போகுது. நான் புடிச்சு எறக்கறேன். மறுபடியும் போகுது.

"நீ சொல்லிக் காட்டு பாப்போம்," அப்படீன்னு என்னைக் கேட்டா.

"இதென்ன பெரிய வித்தையா?"ன்னு கையைக் கட்டீட்டு ஆரம்பிச்சேன். பதிமூணு அஞ்சுல நின்னு போச்சுங்க. எட்டாவது படிச்சவ, நாலு வருசமாச் சொல்லிக்குடுத்தவ, எனக்கு வரலை. கை வேலையைத் தேடுது. சுப்பு கட்டில்ல உழுந்து பொரண்டு சிரிக்கறா.

ஊருக்குக் கெளம்பறதுக்குச் சேலை மாத்தீட்டு வந்த நங்கையா இதைப் பார்த்துட்டு, பையைக் கீழ வச்சாங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து உக்காந்து, இந்தப் பக்கம் அவ கை, அந்தப் பக்கம் என்ற கை, ரெண்டையும் அவுங்க மடியில வச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டாங்க. "இப்பச் சொல்லுங்க, ஆத்தாளும் மகளும்."

மொதல்ல திக்கித் திக்கி வந்துது. பொறகு மெதுவா வந்துது. அவ நிக்கற எடத்துல நான் எடுத்துக் குடுத்தேன், நான் நிக்கற எடத்துல அவ எடுத்துக் குடுத்தா. அவ பொறந்து இத்தனை வருசத்துல வேலை எதுவும் இல்லாம எம்பொண்ணு பக்கத்துல நான் உக்காந்தது அன்னைக்குத்தானுங்க. என்ற மனசு நெறைஞ்சு போச்சு.

பொள்ளாச்சி பஸ்ஸு தோட்டத்து முக்குல நின்னு ஆரன் அடிச்சுது. கட்டுத்தரையில கன்னு கத்துச்சு, இந்தத் தடவை நெசமாவே கத்துச்சு. நாங்க மூணு பேரும் எந்திரிக்கலீங்க.