எது முதலில் வருகிறதோ

தலேந்தாவின் ஜெராக்ஸ் கடை பீர் ஸஹ்ரா நகராட்சி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. கடைக் கண்ணாடியில் ஒரு தாள்: கருப்பு வெள்ளை க்யூஆர் கட்டம், அதன் மேலே 'மாடி கட்டும் அனுமதி, விண்ணப்பம்' என்று கொட்டை எழுத்து. போனைக் காட்டினால் போதும், விண்ணப்பம் திறக்கும்.

அந்தத் தாளைப் பார்க்கத்தான் சீ லம்ஜத் தெருவைத் தாண்டி வந்தார்; 'சீ' என்றால் அந்த ஊரில் 'ஐயா'. நகராட்சியில் அனுமதிப் பிரிவுத் தலைவர். தலேந்தாவின் கடை லைசென்ஸ் வியாழக்கிழமையோடு முடிகிறது, அதைப் புதுப்பிக்கும் கோப்பு அவர் மேசையில்தான் கிடக்கிறது. இது இரண்டு பேருக்கும் தெரியும். கடை முன்னால் வரிசையில் நின்ற பத்துப் பேருக்கும் தெரியும்.

"இதை யாரு ஒட்டினது?"

"என் கடைக் கண்ணாடி. வேற யாரு ஒட்டுவா?"

"போனைக் காட்டினா என்ன வருது தெரியுமா?"

"தெரியுமே. காலையிலேர்ந்து ஜனங்க சிரிச்சுக்கிட்டேதானே போறாங்க."

வந்தது விண்ணப்பம் இல்லை, ஷாத்லியாவின் இணையப் பக்கம். மகன் கல்யாணத்துக்கு முன்னால் மாடியில் ஓர் அறை கட்டிவிட நினைத்த விதவை அவள். நகராட்சிக்கு நடந்த ஒவ்வொரு நாளும் கவுண்டர் முன்னால் தன்னைத்தானே படம் எடுத்து, தேதி போட்டு, அங்கே கிடைத்த பதிலையும் கீழே எழுதியிருந்தாள்: 'நாளைக்கு வா.' மொத்தம் பதினேழு படம். இதற்குள் மகனுக்குக் கல்யாணம் ஆகி, மருமகள் மாசமாகவும் ஆகிவிட்டாள். ஷாத்லியாவும் அந்த வரிசையில்தான் நின்றாள், ஹரிஸா மிளகாய் விழுது வழியும் ரொட்டியைக் கடித்தபடி.

"நகராட்சி பேர்ல இந்தக் கூத்தைக் காட்டுறியே, என்ன தைரியம் உனக்கு?"

"நான் எதையும் காட்டல, சீ லம்ஜத். போன வருஷம் உங்க வெப்சைட் விலாசத்தைத்தான் ஒட்டியிருந்தேன். மாசத்துக்கு ஒரு தடவை அதை மாத்தினீங்க. திட்டு வாங்கினது நான். அதனால விலாசத்தை விட்டுட்டு, நெட்ல தேடுற தளத்தோட விலாசத்தைப் போட்டேன். அதுக்குப் பின்னாடியே 'பீர் ஸஹ்ரா நகராட்சி மாடி கட்டும் அனுமதி'ன்னு தேட வேண்டியதையும் எழுதிட்டேன். அந்த வார்த்தைகளுக்கு முன்னால ஒரு சாய்கோடு. அந்தக் கோடு இருந்தா பட்டியல் கிட்டியல் எல்லாம் காட்டாது. முதல்ல எது வருதோ அங்கயே கொண்டுபோய் விட்டுடும். ஏழு மாசம் நீங்கதான் முதல்ல வந்தீங்க. அப்ப ஒரு வார்த்தை நல்லதா சொன்னீங்களா?"

"இப்ப இவ எப்படி முதல்ல வந்தா?"

"என்னைக் கேட்டா? ஊரே அவங்களைத்தான் பார்க்குது."

ஷாத்லியா வாயிலிருந்ததை விழுங்கினாள். "மூஞ்சி நல்லா விழுந்திருக்குல்ல, அதான்."

லம்ஜத் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தக் கோட்டை எடு. எங்க விலாசத்தையே நேரா போடு. நான் சொல்றேன், அடி."

தலேந்தா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவளும் உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள். பிறகு திரையை வரிசைப் பக்கம் திருப்பி வைத்தாள்.

'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை.'

"தப்பா அடிச்சிருப்ப."

"நீங்களே சரிபாருங்க."

பார்த்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

சர்ரென்று தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் லம்ஜத். "வியாழக்கிழமை ஞாபகம் இருக்குல்ல? திரும்ப ஒட்டினா லைசென்ஸ் கிடையாது."

அந்தக் கடையை விட்டால் தலேந்தாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவோடு அவர் முன்னால் தள்ளினாள்.

"எழுதிக் கொடுங்க."

"என்னத்தை?"

"தாள் ஒட்டினதுக்காக லைசென்ஸ் இல்லைன்னு. தேதி, கையெழுத்து, முத்திரை. அதையும் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்திடறேன். அப்புறம் எது முதல்ல வருதுன்னு பார்ப்போம்."

"மிரட்டுறியா?"

"இல்ல. விண்ணப்பிக்கிறேன்."

லம்ஜத் பேனாவை எடுத்தார். வரிசையில் போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் தெருவுல நின்னுக்கிட்டு எழுதுற விஷயமா? நாளைக்கு வா."

வாய்ப் பழக்கம். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ஷாத்லியா ரொட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவரை ஒரு படம் எடுத்தாள்.

"பதினெட்டு," என்றாள்.

அவர் தெருவைத் தாண்டி முடிப்பதற்குள் பிரிண்டர் இன்னொரு தாளைத் துப்பியிருந்தது. இந்த முறை தலேந்தா அதைக் கண்ணாடிக்கு உள்பக்கமாக, நான்கு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினாள். சாய்கோடு அப்படியே இருந்தது.

"அடுத்து யாரு?" என்றாள்.