டிரம் தண்ணீர்

ஃபின்டன் இரண்டு கண்ணாடி டம்ளரைச் சமையலறை மேசைமேல் வைத்தபோதே அட்ராக்டாவுக்கு முகம் சுளித்துவிட்டது. அவன் அவள் கணவன் மலாக்கியின் அத்தை மகன். போன வருஷம் வரை கூரைக்குச் சூரியத் தகடு விற்றான். அதற்கு முன்னால் மூட்டுவலிக்குக் காந்த வளையல். இப்போது தண்ணீர்.

வந்த நேரமும் அப்படி. அயர்லாந்தின் கிளேரில் அந்தப் பக்கமெல்லாம் சுண்ணாம்புப் பாறை, வீட்டுக்கு வீடு சொந்த ஆழ்துளைக் கிணறு. மேட்டு வயல்காரன் சாணக் குழம்பைத் தெளித்த மறுநாளே மழை கொட்ட, எல்லாம் பாறை வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்கு இறங்கிவிட்டது. மலக்கிருமி இருக்கிறது, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி பப் வரைக்கும் போனது. பப்பிலிருந்து ஃபின்டன் வந்துவிட்டான்.

ஒரு டம்ளரில் அவர்கள் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த 'உயிருள்ள தண்ணீர்'. இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தான். கிணற்றுத் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறியது. அவனுடையது தெளிவாகவே நின்றது.

"பாத்தீங்களா? இதைத்தான் தினமும் வயித்துக்குள்ள ஊத்திக்கிறீங்க."

மலாக்கி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். அட்ராக்டா எழுந்துபோய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து ஃபின்டனுடைய டம்ளரில் போட்டாள். சற்று நேரத்தில் அதுவும் பழுப்பாகப் பொங்கியது.

"உன் கம்பி துருப்பிடிக்குது, ஃபின்டன். உப்புச் சத்து இருக்கற தண்ணியிலதான் மின்சாரம் ஓடும், அதான் இந்த நிறம். டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போ."

அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. சிரித்தபடியே மலாக்கியின் தோளில் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டலில்தான் விஷயம் இருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. கால்வேயில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டு வந்து பார்த்தால், பால் கேன் மாதிரி பளபளவென்று ஒரு எஃகு டிரம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மேலே தண்ணீரை ஊற்றினால் காந்தத்தையும் ஏதோ கூழாங்கற்களையும் தாண்டிக் கீழே குழாயில் வருமாம்.

"வாங்கிட்டியா?"

"பாவம், அவனுக்கும் பிழைப்பு வேணுமில்ல" என்றான் மலாக்கி.

"உன்னைய மாதிரி ஆளு இருக்கற வரைக்கும் அவன் பிழைப்புக்கு என்ன குறைச்சல்."

கல்யாணமான நாளிலிருந்து மலாக்கியைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் இதுதான்: யார் வாசலுக்கு வந்து இனிக்கப் பேசினாலும் தலையாட்டும் மனுஷன். இந்த முறை ஃபின்டனின் மூக்கை உடைத்தே தீருவது என்று, டிரம் குழாயிலிருந்து தன் கையாலேயே தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

கிருமி ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தது.

அதைக் கேட்டு அவளுக்கு ஏற்பட்ட வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. இரண்டாம் தடவை அனுப்பினாள். அதுவும் சுத்தம். கெட்டிலில் தனக்கென்று கொதிக்க வைப்பதை விட்டுவிட்டாள். ஃபின்டனுக்கோ கொண்டாட்டம். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றுகொண்டு, "அட்ராக்டாவே குடிக்கிறாங்க, அப்புறம் என்ன?" என்று ஆள் ஆளாய்ப் பிடித்தான். அவள் நாக்குக்குப் பயந்த ஊர் அது. அவளே ஒப்புக்கொண்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நாலைந்து வீடுகள் வாங்கின.

எதிர்வீட்டு டிம்ஃப்னா மட்டும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, நேரிலேயே வந்து கேட்டாள். மூத்தவள் ஈஃபாவுக்கு நாலு வயது.

"நிஜமாவே வேலை செய்யுதா? உங்க வாயால சொன்னா வாங்கிடுறேன்."

"எனக்கு அந்தாளைப் பிடிக்காது. ஆனா தண்ணி சுத்தமா இருக்கு. வாங்கிக்கோ" என்றாள் அட்ராக்டா.

இலையுதிர் கால மழையில் ஈஃபாவுக்கு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. லிமெரிக் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் வரை போகுமோ என்று டாக்டர்களே கலங்கினார்கள். கடையில் கேள்விப்பட்ட அட்ராக்டா, வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். மலாக்கி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கத்தி அப்படியே நின்றது.

"அவங்க கொதிக்க வைக்கலையா?"

"எதுக்குக் கொதிக்க வைக்கணும்? அதுக்குத்தானே டிரம்மு."

மலாக்கி கத்தியைக் கீழே வைத்தான். முகம் மாவு மாதிரி வெளுத்தது.

"மலாக்கி. இந்த டிரம்ல நீ என்ன ஊத்துற?"

"கொதிக்க வெச்ச தண்ணிதான்" என்றான். "நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி. அந்தக் கல்லு மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

"வாங்கும்போதே இல்லையா?"

"இல்ல. அவன் தோள்ல கை போட்டுக் கேட்டான். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அட்ராக்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் அவனை ஏமாளி என்று நினைத்தது தப்பு. ஏமாளியாக இருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

"ஒரு ஆளுகிட்ட ஒரே ஒரு தடவை 'வேணாம்'னு சொல்ல வாய் வரல. அதுக்காக விடியுறதுக்கு முன்னாடி திருடன் மாதிரி எந்திரிச்சு, தண்ணி காய்ச்சிக் காய்ச்சி ஊத்தியிருக்க. நான் ரெண்டு தடவை அனுப்பினப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீ கத்துவியேன்னு..."

"எந்திரி. கோட்டைப் போடு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனையே சொல்ல வைத்தாள். தொப்பியைக் கசக்கிக்கொண்டு, திக்கித் திணறி, கடைசியில் அழுதே விட்டான். டிம்ஃப்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்ராக்டா பக்கம் திரும்பி, "நான் அவர்கிட்டக் கேக்கலையே. உங்ககிட்டத்தானே கேட்டேன்" என்றாள்.

அட்ராக்டா தலையைக் குனிந்தாள். ஊரில் யார் முன்னாலும் அவள் அப்படிக் குனிந்ததில்லை.

குழந்தை மெல்லத் தேறியதும் டிரம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு ஃபின்டன் வீட்டுக்குப் போனார்கள். கார் நிறுத்தும் கொட்டகை திறந்து கிடந்தது. உள்ளே, அவன் தான் குடிக்கக் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"உன் உயிருள்ள தண்ணிக்கு என்னாச்சு, செத்துப்போச்சா?" என்றாள்.

ஃபின்டன் அசரவில்லை. "உங்க வீட்டுத் தண்ணி சுத்தம்னுதானே வந்துச்சு? ரெண்டு தடவை!"

அவள் மலாக்கியைப் பார்த்தாள். அவன் டிரம்மைத் தரையில் வைத்தான். காது மடல் சிவந்திருந்தது.

"நான் கொதிக்க வெச்சு ஊத்தினேன். உன் டிரம்மு குப்பைன்னு தெரியும். தெரிஞ்சேதான் வாங்கினேன். மத்தவங்க வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லப் போறேன், ஃபின்டன்."

தோளுக்கு வந்த கையைத் தள்ளிவிட்டான். இதற்கு இத்தனை வருஷமா என்று அவள் நினைத்தாள்.

அப்புறம் முறையான ஆட்களைக் கூப்பிட்டாள். ஒருவன் சுண்ணாம்பை நீக்கும் கருவியைப் பற்றியே அரைமணி நேரம் பேசினான். "சுண்ணாம்பு என் கெட்டிலுக்குத்தான் கெடுதல். கிருமி சாகுமா?" என்று கேட்டாள். சாகாது என்றான், அனுப்பிவிட்டாள். இன்னொருவன் ஒரு குவளை நல்ல தண்ணீருக்கு மூன்று குவளையைச் சாக்கடைக்கு அனுப்பும் கருவியைக் காட்டினான். அவனையும்தான். கடைசியில், கிணற்றின் வாய்க்குச் சிமென்ட் கட்டி இறுக்கமான மூடி, வீட்டுக்குள் வரும் குழாயில் மண்ணுக்கு ஒரு வடிகட்டி, அதற்கடுத்து கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு என்று முடிவாயிற்று. சோதனைக்குத் தண்ணீர் பிடித்த அன்று மலாக்கியைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. சுத்தம் என்று வந்தது.

டிம்ஃப்னாவும் அதையே போட்டுக்கொண்டாள், அட்ராக்டாவைக் கேட்காமல். ஈஃபா பழையபடி வேலிமேல் ஏறித் தொங்குகிறாள். வெளியே மலாக்கியைக் கண்டால் டிம்ஃப்னா கை அசைக்கிறாள். பக்கத்தில் அட்ராக்டா நின்றால், கை பாதியில் இறங்கிவிடுகிறது.

"உனக்கு மட்டும் எப்படி மன்னிப்பு கிடைச்சுது?" என்று ஒரு நாள் அட்ராக்டா கேட்டாள்.

"எங்கிட்ட அவ ஒண்ணும் எதிர்பாக்கலயே" என்றான் மலாக்கி.

அவள் சிரிப்பென்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்பினாள்.