பெரியம்மாவைத் தேடி

அன்று நாங்கள் மழைக்காட்டுக்குள் போனது ஒரு மலைப்பாம்பின் எலும்பை அள்ளி வர. எங்கள் ஆராய்ச்சி நிலையத் தலைவர் முடிவே கட்டிவிட்டார். "ரெண்டு வாரமா சிக்னல் ஒரே இடத்துல நிக்குது. செத்துப்போச்சு. உள்ள வச்ச ட்ரான்ஸ்மிட்டரையாவது எடுத்துட்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் நீளக் கருவியை அவள் உடம்பில் வைத்துத் தைத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பெரியம்மா என்று பெயர் வைத்தவனும் நானே. எங்களை நாயாய் அலையவிட்டு, முகம் காட்டாமல் நழுவிவிடுகிற அவளா சாவாள்!

கூட வந்தவன் என் மனைவியின் அண்ணன். ஒரே வயது, ஒரே வேலை, அதனால் வாடா போடாதான். சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தருகே வந்ததும், சிக்னலைப் பிடிக்கக் கையில் கொண்டுவந்த ரிசீவர் காதைப் பிளந்தது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே சத்தம். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

"அங்கங்கிற, இங்கங்கிற. நல்லாத் தேடுற மாப்ள!"

"நீ வாயை மூடுடா மச்சான், கேக்கும்."

அவன் சலித்துப்போய் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். அப்போதுதான் ரிசீவரின் திறனைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பார்த்தேன். அட மடையா! தூரத்துச் சிக்னலைப் பிடிக்க முழுதாகத் திருகியதைக் கிட்ட வந்தும் குறைக்கவே இல்லை. குறைக்காவிட்டால் நாலு பக்கமும் ஒரே மாதிரிதான் கத்தும். இதே தப்புக்குப் புதுப் பையன்களை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்!

குறைத்தேன். ஒரே ஒரு திசையில்தான் சத்தம் மிஞ்சியது.

"மச்சான், அசையாத."

"என்னடா?"

"நீ உக்காந்திருக்கிற மரத்துக்குள்ள."

பூனை போல இறங்கி வந்தான். இருவரும் மண்டியிட்டு, அடிமரத்துப் பொந்துக்குள் பார்த்தோம். முதலில் வெறும் சருகு. அப்புறம் அந்தச் சருகில் செதில் தெரிந்தது. சுருள் மேல் சுருளாக, என் தொடைப் பருமனில், பெரியம்மா! அசைவே இல்லை.

சட்டென்று அந்த உடம்பு ஒரு உதறு உதறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"உயிர் இருக்குடா! ஆனா இழுக்குது போல, பாவம்," என்றான் மச்சான்.

"இழுக்கலடா. நல்லாப் பாரு."

இரண்டு சுருளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு முட்டை. உடம்பை உதறி உதறி, சூடு உண்டாக்கி அடைகாக்கிறாள்! முட்டையிடும் பருவம் முடிந்துவிட்டதென்று நினைத்திருந்ததால் எங்களில் யாருக்கும் இது தோன்றவே இல்லை. பெரியம்மா தலையை லேசாகத் தூக்கி, எங்களைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

கத்தவும் முடியாது. மிரண்டால் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடுவாள். வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்தோம். ஓடையைத் தாண்டியதும்தான் கத்தினோம் பாருங்கள், தொண்டை கிழிய! மச்சான் என்னை அலாக்காகத் தூக்கினான், வழுக்கினான், இருவரும் தண்ணீரில் விழுந்தோம். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

வாக்கி டாக்கியில் தலைவரைக் கூப்பிட்டேன்.

"எடுத்தாச்சா?" என்றார்.

"எடுக்க முடியாது சார். முட்டை மேல படுத்திருக்கா."

மறுமுனையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுகிற சத்தம் கேட்டது.

"அங்கயே இருங்கடா," என்றார், எங்களை ஒருநாளும் 'டா' போடாத மனிதர். "கிட்ட வரமாட்டேன். தூரத்துலேருந்து ஒரு தடவை பாத்துக்கறேன்."