மிஸ்ஸி கையில் சாப்பிட்டவள்

செத்துக் கிடந்த மகள் செல்லத்தின் காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த கருப்பாயி, ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வெள்ளைக் கவுனைக் கண்டதும் கையை நிறுத்தினாள். குளுவாங் டவுன் ஆசுபத்திரி நர்சு, மிஸ்ஸி வினிஃப்ரெட். சாவுக்கும் வந்துவிட்டாள்.

"இவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் ஆள் அனுப்புனேன்" என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா. "புள்ளைய அம்புட்டு நல்லா பாத்துக்கிட்டாங்கள்ல."

அதுதான் கருப்பாயிக்கு ஆறாத புண். நோய்நொடி எதுவுமில்லாத வயசுப் பெண், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவள் கெஞ்சினாள், அடித்தாள், மாரியம்மனுக்குக் கோழி நேர்ந்துகொண்டாள். ஒரு பருக்கை இறங்கவில்லை. எலும்பும் தோலுமாக ஆசுபத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், இந்த மிஸ்ஸி கையில் கஞ்சியும் முட்டையுமாகச் சாப்பிட்டாளாம். கன்னம் உப்பித் திரும்பி வந்தவள், "மிஸ்ஸி மாதிரி யாருமில்லம்மா" என்றாள். சுமந்து பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது!

"உடம்பு தேறினாலும் ஆபத்து இன்னும் போகலம்மா. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க" என்று மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கருப்பாயி ஒரு தடவைகூடக் கூட்டிப்போகவில்லை. பால்வெட்டு வேலை என்று சாக்குச் சொன்னாள். தன் பிள்ளை அந்த மிஸ்ஸியைப் பார்த்துச் சிரிப்பதை இன்னொரு முறை பார்க்க அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான். செல்லம் மறுபடி சாப்பாட்டைக் குறைத்தாள். நேற்றுக் குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள்.

மிஸ்ஸி பிணத்தின் தலைமாட்டில் நின்று விசும்பினாள். அழுகையிலும் பங்குக்கு வந்துவிட்டாளே என்று கருப்பாயி பல்லைக் கடித்தாள்.

ஆண்கள் தூக்கிப் போனார்கள். பெண்கள் தலை முழுகினார்கள். ராசம்மா தன் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மிஸ்ஸி இன்னும் போகவில்லை.

கருப்பாயி கேட்டே விட்டாள். "என்ன மருந்து வெச்சு என் புள்ளைய மயக்குனீங்க?"

"மருந்தெல்லாம் இல்லம்மா. அவளுக்குத் தனியா சாப்பிட பயம். நானும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காருவேன்."

கருப்பாயி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் சாப்பிட்டு, பிள்ளை சாப்பிட்டு, அடிச்சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பவள்தானே தாய்? எந்த வீட்டில் எவள் பிள்ளையோடு உட்கார்ந்து தின்றாள்? "நீயும் உக்காரும்மா" என்று செல்லம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! கருப்பாயி நின்றபடியே அதட்டித்தானே ஊட்டினாள்.

"ஒரு வாயாச்சும் சாப்பிடு கருப்பாயி" என்றாள் ராசம்மா.

"நீங்கள்லாம் சாப்பிடுங்க. நான் அப்பறம்."

மிஸ்ஸி இரண்டு தட்டில் சோற்றைப் போட்டாள். ஒன்றைக் கருப்பாயி முன்னால் வைத்துவிட்டு, வெறுந்தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிசைந்து ஒரு வாய் தின்றாள். பிறகு காத்திருந்தாள்.

இப்படித்தான் என் பிள்ளைக்கும் காத்திருந்திருப்பாள். கருப்பாயி ஆத்திரத்தோடு தட்டைத் தள்ளிவிடத்தான் கையை நீட்டினாள்.

கை சோற்றைப் பிசைந்தது. மிஸ்ஸி குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.