பதினான்கு சிவப்பு நாடாக்கள்

“அப்பா, யானைக்கு வழி தப்பிட்டா அது யாரைக் கேக்கும்?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தையல்காரர் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு கோட்டின் தோளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “வேலை இருக்கு, போ” என்று மூக்காலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் கழித்து அதே மகள், இப்போது நர்ஸ், சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் எடுத்து அவரை மழைக்காட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். “ஊசிக் காதைத் தவிர வேற எதையாவது பாருங்கப்பா” என்றாள்.

கூட வந்தது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். முன்னால் நடந்தவர் வழிகாட்டி. மதியச் சாப்பாட்டோடு படகுக்காரர் ஆற்றங்கரையில் காத்திருந்தார்.

வழக்கமான பாதையில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதனால் வழிகாட்டி புதருக்குள் புதுவழி பிடித்தார். முப்பது நாற்பது அடிக்கு ஒரு சிவப்பு நாடாவைக் கிளையில் கட்டிக்கொண்டே போனார். “கடைசியா வர்றவங்க இதையெல்லாம் அவிழ்த்துடணும். காட்டுக்குள்ள நம்ம துணி ஒரு துண்டுகூடக் கிடக்கக் கூடாது” என்றார்.

தையல்காரர்தான் கடைசி.

அவருக்கு அன்றைக்குக் கண் இரண்டு போதவில்லை. இலையென்று நினைத்துத் தொடப்போனது கால் முளைத்து நடந்தது. இன்னொரு மரத்தை வேரால் பின்னிப் பிடித்து நின்ற அத்திமரத்தின் உச்சியில் இருவாச்சிகள் பழம் தின்றுகொண்டிருந்தன. அவை பறந்தபோது சிறகோசை யாரோ மூச்சிரைப்பதுபோலக் கேட்டது. கொடியில் தொங்கிய குடுவைத் தாவரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அரைக் குடுவைத் தண்ணீரில் ஒரு எறும்பு மிதந்தது.

“மூடி வேற வெச்சிருக்கான் பாரு! படைச்சவனுக்கு எவ்வளவு பொறுமை!” என்று கைகூப்பினார்.

“கும்பிட்டது போதும், நடங்கப்பா.”

பதினொரு மணிக்குத் திரும்பினார்கள். சிறிது தூரம் வந்ததும் வழிகாட்டி நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே பச்சை.

“இங்கதானே ஒண்ணு கட்டினேன்... குரங்கு கிரங்கு பிடுங்கிடுச்சா?”

தையல்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. முகம் வெளுத்தது. பதினான்கு நாடாக்கள், பொத்தான் அளவுக்குச் சுருட்டி, ஒவ்வொன்றும் நுனி பிரியாமல் மடித்துச் செருகி, வெளியே வந்தன.

“அவிழ்த்துடணும்னு சொன்னீங்களேன்னு... வரும்போதே...”

நாற்பது வருடமாகப் பிசிறு கண்ட இடத்தில் கத்தரித்த கை அது. தொங்கும் துணியை அதனால் விட்டுவைக்க முடியவில்லை.

“கடவுளே!” என்றார் டீச்சர். “என் வகுப்புல படிச்சிருந்தீங்கன்னா உங்களை முதல் பெஞ்சுல என் கண்ணு முன்னாலயே உட்கார வெச்சிருப்பேன்.”

மகள் சிரிக்கவில்லை. அவள் டீச்சரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வியர்வை முத்து முத்தாக நின்றது. “டீச்சரம்மா, காலைல சர்க்கரைக்கு ஊசி போட்டீங்களா?”

“போட்டேன். பன்னிரண்டுக்குச் சாப்பிட்டுடணும். சாப்பாடு படகுலல்ல இருக்கு.”

மகளின் பையில் இரண்டு மிட்டாய் இருந்தது. ஒன்றை உடனே கொடுத்தாள். டீச்சரின் விரல்களுக்கு உறையைப் பிரிக்க முடியவில்லை. மகளே பிரித்து வாயில் போட்டாள். பிறகு தந்தையிடம் தாழ்ந்த குரலில், “சீக்கிரம் கரைக்குப் போகணும்பா” என்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வழிகாட்டி அவர் தோளில் கை வைத்தார். “தப்பு என்னோடதுங்க ஐயா. ‘திரும்பும்போது’ன்னு நான் சொல்லியிருக்கணும். என் வாயிலதான் அது வரல.” பிறகு பிரம்புப் புதரை விலக்கிக்கொண்டு முன்னால் நுழைந்தார். முட்கள் அவர் பையைப் பிடித்துக்கொண்டன. இழுத்தபோது அடிப்பக்கம் நீளமாகக் கிழிந்தது. அந்தச் சத்தம் தையல்காரருக்குத் தன் உடம்பே கிழிவதுபோலக் கேட்டது. வழிகாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

கால் மணி நேரம் கழித்து அவர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள்.

அறுபது எழுபது அடி தள்ளி, மேட்டின் மேல், யானைகள். மூன்று பெரியவை, ஒரு குட்டி. குட்டி ஒரு வேரில் தடுக்கிப் பின்தங்கியது. முன்னால் போன பெரியது நின்றது. திரும்பிப் பார்க்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. சும்மா நின்றது. குட்டி வந்து அதன் காலை உரசிய பிறகுதான் அடுத்த அடி வைத்தது.

“காத்து நம்ம பக்கம் வீசுது, நம்ம வாசம் அதுங்களுக்குப் போகாது, பயப்படாதீங்க. வயித்தைப் பாருங்க” என்று கிசுகிசுத்தார் வழிகாட்டி. வயிறு வரைக்கும் ஈரம். கால்களில் காயாத சேறு. “இப்பத்தான் ஆத்துல குளிச்சிட்டு வருதுங்க.”

யானைகள் மறையும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவை வந்த திசையில், அவை மிதித்து அகலமாக்கியிருந்த பாதையில் இறங்கினார்கள். வழியில் கிடந்த பழைய சாணத்தில் நாலு இலையோடு ஒரு அத்திக்கன்று நின்றது. டீச்சருக்கு இரண்டாவது மிட்டாயும் தீர்ந்திருந்தது. தையல்காரர் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, “ஆண்டவா, ஆண்டவா” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்று சொன்னார்.

“எண்ணிக்கை தப்பாதீங்க” என்று முனகினார் டீச்சர். கிண்டல் திரும்பிவிட்டது என்றதும் தையல்காரருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பாதை ஆற்றில் போய் முடிந்தது. வளைவில், கூப்பிடு தூரத்தில், படகு.

டீச்சர் பழச்சாறு குடித்து, சோற்றில் கை வைத்து, பத்து நிமிடத்தில் படகுக்காரரின் சமையலில் உப்புக் குறை என்றார். மகள் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மூச்சை நீளமாக விட்டாள். தந்தையைப் பார்த்து இப்போதுதான் சிரித்தாள்.

“அப்பா, சின்ன வயசுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. பதில் இன்னிக்குத்தான் கிடைச்சுது. யாரையும் கேக்க வேண்டாம்மா. முன்னால போறது கொஞ்சம் நின்னாப் போதும்.”

வழிகாட்டியும் படகுக்காரரும் ஆற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த பை கரையில், ஒரு மரத்தின் பலகைபோல் விரிந்த வேருக்குப் பின்னால் கிடந்தது. தையல்காரர் அங்கே போய் உட்கார்ந்தார். சட்டைக் காலரின் உள்பக்கத்தில் எப்போதும் நூலோடு குத்தியிருக்கும் ஊசியை எடுத்தார். பை பச்சை, நூல் கறுப்பு. அதனால் தையல் வெளியே தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பி, இரட்டைத் தையலாகப் போட்டார். முட்டியில் வைத்து இழுத்துப் பார்த்தார். விடவில்லை. பதினான்கு சுருளையும் பக்கப்பையில் வைத்து, பையைக் கிடந்தபடியே கிடத்தினார்.

“அப்பா! அங்க என்ன பண்றீங்க?” என்று படகிலிருந்து மகள் குரல் வந்தது.

“ஒண்ணுமில்லம்மா, வரேன்” என்று சொல்லி, ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்தார்.