ஏழு நாள் தொங்கிய வெள்ளைத்துணி

1

இந்தக் கதை எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியிலிருந்து வந்தது. கொடியில் ஒரு வெள்ளைத்துணி, அதற்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் தொழிற்பேட்டை.

முதல் வரியை இரண்டு முறை எழுதினேன். ‘தொழிற்பேட்டை தூங்குவதே இல்லை.’ (அடித்துவிட்டேன். இதை யார்தான் எழுதவில்லை!) ‘மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம்’

(பாதியில் விட்டேன். அந்தப் பக்கமும் நாங்கள்தான். தெருவில் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை.)

2

தொழிற்பேட்டை உலையின் புகையோடு ஒரு கருந்தூள் வந்து எங்கள் தெருவில் இறங்கும். மத்தியானத்தில் இயந்திரங்களின் முனகலில் தரை லேசாக அதிரும், தெரு அரைத்தூக்கத்தில் கிடக்கும், தூள் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் அது அழகாகக்கூட இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தெருவே திரண்டுபோய் முறையிட்டது. உலை மேலாளர் ஆதாரம் கேட்டார். கடைசியில் பேசி முடித்தது இதுதான்: மதிலை ஒட்டிய மாடியில் ஒரு வெள்ளைத்துணி ஏழு நாள் தொங்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு அவரே வந்து பார்ப்பார். கறுத்திருந்தால், வடிகட்டி மாட்டும்வரை உலையை அணைப்பார். உலைக்காரர்களுக்கு அதுவரை வேலை கிடையாது. இந்தச் சோதனை ஒரே ஒரு முறைதான் என்றும் சொல்லிவிட்டார்.

மதிலை ஒட்டிய மாடி எங்களுடையது. உலையில் வேலை செய்பவர் என் அண்ணன். நாலு படி ஏறினால் மூச்சு இழுப்பது அவருடைய ஆறு வயது மகளுக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணி.

(ஒரு குடும்பம் இவ்வளவு கச்சிதமாக அமையுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கதைக்காக அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றிப் பார்த்தேன். போக மாட்டேன் என்கிறார்.)

3

சனிக்கிழமை நாலு மணிக்கு மேலாளரும் தெருவும் மாடியேறினார்கள். துணி பளிச்சென்று தொங்கியது. நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி கையைப் பிசைந்தாள். “பாப்பா சட்டையோட சேத்து இதையும் துவைச்சுட்டேன். கை பழகிப்போச்சு.”

மேலாளர் துணியின் வெண்மையைப் பாராட்டிவிட்டு இறங்கிப்போனார். உலை அணையவில்லை.

நம்பக்கூடிய காரணம்தான். எங்கள் தெருப் பெண்கள் தூள் படிந்த எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். விருந்தாளியைக்கூடத் தோளைத் தட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள்.

4

முடிவு ஒன்று: மறந்துதான் துவைத்தாள்.

முடிவு இரண்டு: அண்ணனின் வேலைக்காகத் துவைத்தாள்.

முடிவு மூன்று: தன் மகள் எதைச் சுவாசிக்கிறாள் என்பதைத் துணியில் பார்க்கத் தாங்காமல், அவள் (வேண்டாம். இது நான் அண்ணியைக் காப்பாற்றப் பார்ப்பது.)

மூன்றையும் அண்ணியிடமே படித்துக்காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மதிலுக்கு அப்பால் உலை முனகியது. உள்ளே குழந்தை இருமியது.

“மறந்துட்டேன்னே எழுது. உங்கண்ணன் படிப்பாரு,” என்றாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “பாப்பாவும் ஒருநாள் படிப்பாள்ல.”

அதனால் இடம் விட்டிருக்கிறேன்.

அண்ணி அந்தத் துணியை .................... துவைத்தாள்.

நீங்களே நிரப்புங்கள். பென்சிலால் எழுதுங்கள். பாப்பா இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.